வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி…



தலையான பாவங்கள் ஏழனுள் போசனப்பிரியமும் ஒன்று எனச் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனனம் செய்தோம். அதற்கு எதிரான புண்ணியம் மட்டசனம் என்றும் கற்றோம். அப்பாடம் என்றும் உண்மையே. ஆனால் அதிலிருந்து நம்மையும் அறியாமல் ஒரு பிழையான முடிவுக்கு வந்துவிட்டோம். உடல் பருத்த ஒருவர் திருப்பலிக்கு வந்து அமர்ந்தால், 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று உள்ளத்துக்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு எத்துணை அவசரமானது என்பதை அறுவை மருத்துவ வரலாற்றின் ஒரு சிறு பகுதி நமக்கு உணர்த்துகிறது.

'வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளை ஆளாக்கினேன்' என்பது நம் தாய்மார் வழக்கு. மேனாட்டு மருத்துவர்கள் இவ்விரண்டையும் சொல்லுக்குச் சொல் செய்தே பார்த்தார்கள். 1970-களில் மிகுந்த பருமனால் துன்புற்ற சிலருக்கு மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் பிணைத்தனர். நீராகாரம் மட்டுமே உள்ளே சென்றது, எடையும் குறைந்தது. கம்பியை அவிழ்த்தபின் பலருக்கு இழந்த எடை திரும்பி வந்தது.

வாயைக் கட்டியது போலவே வயிற்றைக் கட்டும் முயற்சியும் அதே காலத்தில் தொடங்கிற்று. 1978-இல் அமெரிக்காவில் வில்கின்சன், பெலோசோ என்னும் இருவர் இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி வலைத்துணியாலான பட்டையொன்றைக் கட்டினர். ஒருமுறை கட்டிய பட்டையை இறுக்கவோ தளர்த்தவோ வழியில்லை. ஒருவருக்குப் பொருந்தும் இறுக்கம் மற்றொருவருக்கு வாந்தியைத் தந்தது. இக்குறையை நீக்க, சுவீடன் நாட்டில் ஹால்பெர்க், ஃபோர்செல் ஆகியோரும், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உக்ரேனிய மரபினரான லுபோமிர் குஸ்மாக்கும் 1980-களின் நடுவில் தனித்தனியே வழி கண்டனர். குஸ்மாக் 1986-இல் அதனை நோயாளருக்குப் பொருத்தினார்.

அந்த அமைப்பு எளிமையானது. இரைப்பையின் மேல்முனையைச் சுற்றி ஒரு சிலிக்கோன் வளையம். அதன் உட்புறத்தில் ஊதக்கூடிய ஒரு சிறு பை. அப்பையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுத் தோலின் அடியில் பதித்த சிறு குமிழ் வரை வரும். மருத்துவர் குமிழில் ஊசி செலுத்தி உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும். நீரை வெளியே எடுத்தால் தளரும். வளையத்திற்கு மேலுள்ள சிற்றிடம் சில கவளங்களிலேயே நிறைந்துவிடும். இரைப்பையில் எதையும் வெட்டுவதில்லை. வேண்டாமெனில் வளையத்தைக் கழற்றிவிடலாம்.

எத்தியோப்பியாவில் பிறந்து பெல்ஜியத்தில் பணியாற்றிய மித்திகு பெலாச்சூ, 1993-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹுயி நகரில், வயிற்றைப் பெரிதாகத் திறவாமல் சிறு துளைகளின் வழியே இவ்வளையத்தைப் பொருத்திக் காட்டினார். அதன்பின் உலகெங்கும் இம்முறை பரவியது. 2001-இல் அமெரிக்க அரசும் ஒப்புதல் அளித்தது. 2011-இல் அந்நாட்டில் நடந்த உடற்பருமன் அறுவைகளுள் நூற்றுக்கு 35 இவ்வளைய அறுவையே என மதிப்பிடப்பட்டது.

ஐந்தே ஆண்டுகளில், 2016-இல், அது நூற்றுக்கு 3 அளவாகச் சுருங்கிற்று. சிலருக்கு வளையம் நழுவியது. சிலருக்கு அது இரைப்பையின் சுவரையே அரித்து உள்ளே புகுந்தது. சிலருக்குக் குழாய் கசிந்தது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க மெடிக்கேர் காப்பீட்டின் கீழ் வளையம் பொருத்திக்கொண்ட 25,042 பேரின் விவரங்களை ஆராய்ந்தது. அவர்களுள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் மறு அறுவைக்கு ஆளாகியிருந்தனர். மேலும், கெட்டியான சோற்றைத் தடுத்த வளையம் இனிப்புப் பானத்தையும் பனிக்கூழையும் தடுக்கவில்லை. வாசலுக்குக் காவல் வைத்தார்கள். பசியோ உள்ளேயே இருந்தது.

அப்பசியைப் பற்றியும் அறிவியல் இதற்கிடையில் சிலவற்றைக் கண்டறிந்தது. உடலிலுள்ள கொழுப்பின் அளவை மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் சுரப்பை 1994-இல் நியூயார்க்கில் ஃபிரீட்மனின் குழுவினர் கண்டனர். இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலினை 1999-இல் ஜப்பானியர் கண்டனர். எடை குறையும்போது உடல் அதனை ஆபத்தென எண்ணிப் பசியை மிகுவிக்கிறது. எனவே பருமனுடன் போராடுகிறவர் வெறும் நாக்குச் சுவையோடு மட்டும் போராடவில்லை. அருகில் அமர்ந்து அளவாக உண்ணும் மெலிந்தவருக்கு அந்தப் போராட்டமே இல்லாமலிருக்கலாம். அவ்வாறாயின் அவரது மட்டசனத்தில் புண்ணியம் எவ்வளவு என்பதை இறைவன் ஒருவரே அறிவார்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பால் ஓ'பிரையன் என்னும் மருத்துவரின் குழு, வளையம் பொருத்தியவர்களை ஆண்டுக்கணக்காகக் கவனித்து வந்தது. மறு அறுவைகள் அங்கும் பலருக்குத் தேவைப்பட்டன. ஆயினும் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் மிகை எடையில் ஏறத்தாழப் பாதி குறைந்தே இருந்ததாக அவர்கள் 2013-இல் அறிவித்தனர். வளையத்தைப் பொருத்துவதோடு பணி முடிவதில்லை, தொடர்ந்து அழைத்துப் பார்த்துத் தாங்குவதே மருத்துவம் என்பது அக்குழுவினர் வலியுறுத்திய பாடம்.

இதுவே குடும்பங்களுக்கும் உரிய பாடம் என்போம். ஒருசந்தியும் சுத்தபோசனமும் நம்மைப் பிறருக்கு நீதிபதிகளாக்குவதற்காகத் தரப்பட்டவையல்ல. மருத்துவரின் அறிவுரைப்படி அறுவை செய்துகொள்ளும் ஒருவரைச் 'சோம்பலுக்குக் குறுக்கு வழி தேடினார்' என்று பழிப்பதும் தகாது. வீட்டில் பருத்த பிள்ளை இருந்தால், பட்டப்பெயரிட்டு அழைப்பதை இன்றே நிறுத்துவோம். அப்பிள்ளைக்கு மட்டும் தனித்தட்டு வைக்காமல், வீட்டார் அனைவரும் அளவான அதே உணவை ஒரே பந்தியில் உண்போம். மாலையில் அப்பிள்ளையோடு சேர்ந்து நடப்போம்.

வயிற்றைக் கட்ட வளையம் உண்டு. பிறரைப் பழிக்கும் நாவைக் கட்ட எந்த மருத்துவரும் வளையம் செய்யவில்லை. அதை நாமேதான் கட்டவேண்டும். வரும் தவக்காலத்தில் நம் முதல் ஒருசந்தி அதுவாகட்டும்.