கறுப்புச் சாயம் பூசிய செங்கல்

டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கறுப்புக் கதவு, கறுத்த செங்கல் சுவர். அந்தக் கறுப்பு பொய். செங்கல் உண்மையில் மஞ்சள். லண்டனின் கரிப்புகை படிந்து படிந்து கறுத்துப் போனது. 1960-களின் தொடக்கத்தில் புதுப்பித்தபோது கழுவினார்கள், மஞ்சள் வெளியே வந்தது. பார்த்துப் பழகிய முகம் மாறிவிடக் கூடாதென்று மறுபடி கறுப்புச் சாயம் அடித்தார்கள். அழுக்கைக் கழுவிவிட்டு அழுக்கின் நிறத்தைப் பூசிக்கொண்டால் அதற்குப் பெயர் பாரம்பரியமாம்!

அந்த வீட்டின் யோக்கியதை என்ன? 1682-84 வாக்கில் ஜார்ஜ் டவுனிங் லாபத்துக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்குபோட்டு ஒட்டி நிற்பவை. இளகிய மண், ஆழமில்லாத அஸ்திவாரம். செங்கல் அடுக்கு சீராகத் தெரியட்டும் என்று முகப்பில் காரைக்கோடுகளை வரைந்தே ஒப்பேற்றியிருந்தார்கள். அங்கே குடியிருந்த சர்ச்சிலே அதன் கட்டுமானத்தைக் குறை சொல்லி எழுதினார். 1950-களில் வீடு ஆட்டம் கண்டது. இடித்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். ஆனால் இடிக்கவில்லை. பிரதமர் மேக்மில்லன் 1960-இலிருந்து 1963 வரை வேறு வீட்டுக்குப் போனார். ரேமண்ட் எரித் என்ற கட்டடக் கலைஞர் அஸ்திவாரம் முதல் சீர்செய்தார். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை.

என் கோபம் வேறு. அதே நாட்டில், லிவர்பூலின் டாக்ஸ்டெத் பகுதியில் 'வெல்ஷ் தெருக்கள்' என்று சில உண்டு. 1870-களில் சாமானியர்களுக்காகக் கட்டிய செங்கல் வரிசை வீடுகள். பீட்டில்ஸ் ரிங்கோ ஸ்டார் பிறந்தது அங்கேதான், மாட்ரின் தெரு 9-இல். 2002-இல் அரசாங்கம் 'பாத்ஃபைண்டர்' திட்டம் கொண்டுவந்தது. வீடுகள் பழசு, தேவை இல்லை, இடி! சனங்களைக் கிளப்பி அனுப்பினார்கள், ஜன்னல்களில் தகரம் அடித்தார்கள். வருஷக்கணக்கில் தெருவே செத்துக் கிடந்தது.

ஈரம், பூஞ்சை, குறுகிய அறை என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனா டவுனிங் தெருவில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கேயும் மரம் மக்கித்தான் கிடந்தது. ஒரே நோய், ஒரு வீட்டுக்கு வைத்தியம், இன்னொன்றுக்குப் பாடை.

2015-இல் அமைச்சர் இடிப்புக்கு அனுமதி மறுத்தார். பிறகு ஒரு தனியார் நிறுவனம் அந்த வீடுகளைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டது. அப்போ வாழத் தகுந்த வீடுதானே அது! பக்கத்து கிரான்பியில் குடியிருந்தவர்கள் தாங்களே தெருவைக் கூட்டி, செடி வைத்து, பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களோடு சேர்ந்து வீடுகளைச் சரிசெய்த 'அசெம்பிள்' குழுவுக்கு 2015-இன் டர்னர் பரிசு கிடைத்தது. கலைப் பரிசு! சரி, சந்தோஷம். ஆனால் ஒரு கூரையை ஒழுங்காக மாற்றிக் கொடுக்க எதற்கய்யா பரிசுக்குழு?

கட்டடக் கலை வரலாறு என்று நாம் படிப்பதில் பாதி, யார் வீட்டைப் பழுதுபார்த்தார்கள் என்ற கணக்குதான். செங்கலின் வயதைச் சொல்பவரிடம், அதற்குள் யார் குடியிருந்தார்கள் என்றும் கேளுங்கள்.