ஒரே படம், பல கைகள்

ரவிக்கையின் உடலை ஒருவரும் கையை இன்னொருவரும் வெவ்வேறு அளவில் தைத்தால் என்ன ஆகும்? ஏர்பஸ் ஏ-380 விமானத்துக்கு 2006-ல் அந்தக் கதிதான் நேர்ந்தது! ஜெர்மனியில் ஹாம்பர்க் பொறியாளர்களும், பிரான்ஸில் தூலூஸ் பொறியாளர்களும் ஒரே வரைபட மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் படம் போட்டார்கள். ஹாம்பர்க்கில் செய்த மின்சாரக் கம்பிகள் தூலூஸில் பொருத்தும்போது எட்டவில்லை. விமானம் வெளிவர ஏறக்குறைய இரண்டு வருஷம் தாமதமாயிற்று.

2015-ல் வந்த 'ஆன்ஷேப்' இந்தத் தொல்லைக்கு ஒரு பரிகாரம். படம் ஒன்றே ஒன்று, இருப்பது இணையத்தில். பல ஊர்க்காரர்கள் ஒரே சமயத்தில் அதைத் திறந்து திருத்தலாம். ஒருவர் மாற்றினால் மற்றவர் திரையிலும் உடனே மாறிவிடும். மாற்றியது யார், எப்போது என்பதும் பதிவாகிவிடும்.

"என்னிடம் யாருமே சொல்லவில்லையே!" என்று இனி ஒருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது!