முகாமுக்குப் போனவன் கடைக்குத் திரும்பக் கூடாதா?



திருவிடைமருதூர், ஆடுதுறை, கும்பகோணம் கடைவீதிகளில் தொழில் நடத்தும் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் கடையில் கணக்கு எழுதும் பையன் ஒரு நாள் வந்து, "முதலாளி! இராணுவத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. எப்போது திரும்புவேன் என்று தெரியாது" என்கிறான். என்ன பதில் சொல்வீர்கள்? "போய் வா, உன் இடம் உனக்குத்தான்" என்பீர்களா? "அப்படியே கணக்கை முடித்துக்கொள்" என்பீர்களா?

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

டெரிடோரியல் ஆர்மி எனப்படும் பிராந்திய இராணுவம் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. 1949 அக்டோபர் 9 அன்று அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி அதைத் தொடங்கி வைத்தார். கோவையிலும் இதன் மெட்ராஸ் பட்டாலியன் ஒன்று உண்டு. இதில் இருப்பவர் பகுதிநேரச் சிப்பாய். ஊரில் தன் தொழிலையோ வேலையையோ பார்ப்பார். ஆண்டுதோறும் பயிற்சிக்குப் போவார். அரசு அழைத்தால் முழுநேரச் சிப்பாய். அழைப்பு முடிந்தால் மறுபடியும் தராசும் கல்லாவும். 1962, 1965, 1971 போர்களில் இவர்கள் அழைக்கப்பட்டார்கள். 2025 மே மாதத்திலும், 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐப் பணிக்கு அழைக்க மத்திய அரசு அனுமதி தந்தது. ஆகவே இதை ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணிவிடாதீர்கள்.

பணிக்கு அழைக்கப்பட்டுத் திரும்புபவரை, முன்பிருந்த நிலைக்குக் குறையாமல் வேலையில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டம் முதலாளிக்குக் கடமை விதிக்கிறது. மறுத்தால் விவகாரம் அதிகாரியிடம் போகும். அவர் வேலை கொடுக்கச் சொல்லலாம்; முதலாளிக்கு விலக்கும் தரலாம்; இழப்பீடும் கட்டச் சொல்லலாம். அந்த இழப்பீட்டின் உச்சவரம்பு என்ன தெரியுமா? ஆறு மாதச் சம்பளம்! எல்லையில் நின்று வந்தவனின் பிழைப்புக்கு அவ்வளவுதான் விலையா?

"சின்னக் கடை, நாங்கள் எப்படித் தாங்குவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெருநாள், தீபாவளி வியாபாரத்துக்குத் தற்காலிக ஆள் வைக்கிறோமே! அரபு நாட்டுக்குப் போனவன் இரண்டு வருடம் கழித்து வந்தால் கல்லாவில் இடம் தருகிறோமே! சிப்பாய்க்கு மட்டும் ஏன் கதவடைப்பு? மாற்று ஆள் வைக்கும் செலவில் சிறு கடைக்காரருக்கு அரசு பங்கு தரட்டும் என்று கேட்போம். கேட்காமலேயே பையனைக் கைகழுவுவது அநீதி.

அரசும் கைகழுவத்தான் செய்கிறது. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தைப் பாருங்கள். நான்கு ஆண்டு முடிந்ததும் நிரந்தரப் பணிக்கு எடுப்பது 25 சதவீதம் வரைதான்; மற்றவர்கள் வீட்டுக்கு! கையில் சுமார் 11.71 லட்சம் ரூபாய். அதிலும் ஒரு பாதி அவர்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பணம். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடையும் இல்லை. பயிற்சி பெற்ற அந்த இளைஞர்களில் விரும்புகிறவர்களைப் பிராந்திய இராணுவத்தில் உரிமையோடு சேர்க்க வேண்டும். அந்த நான்கு ஆண்டுகளையும் ஓய்வூதியக் கணக்கில் ஏற்ற வேண்டும். பகுதிநேரச் சிப்பாய்க்கு முழுநேரப் பணியில் இருந்த காலம் மட்டுமே ஓய்வூதியத்துக்குக் கணக்காகிறது. இந்த நிலையில் நான்கு ஆண்டு உழைப்பைக் காற்றில் விடுவது என்ன நீதி?

சகோதரர்களே! 1948-ல் காஷ்மீர்ப் போர்க்களத்தில் உயிர் நீத்த பிரிகேடியர் உஸ்மானையும், 1965-ல் பாகிஸ்தான் டாங்கிகளைத் தகர்த்து உயிர் கொடுத்து பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீதையும் மேடைதோறும் பேசுகிறோம். நம் நாட்டுப்பற்றுக்குச் சான்று கேட்பவர்களின் வாயை அடைக்க அந்தப் பெயர்கள் நமக்குத் தேவைப்படுகின்றன. உயிர் கொடுத்தவனைப் போற்றுகிறோம், சரி. உயிரோடு திரும்பி வருபவனுக்கு நம் கடையில் இடம் உண்டா?

இளைஞர்களே! இராணுவத்தில் சேருமுன் சட்டத்தைப் படியுங்கள். அழைப்புக் கடிதம், திரும்பியதற்கான சான்று இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். வணிகர்களே! உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே, "அழைப்பை ஏற்றுப் போகும் ஊழியரின் வேலை அவருக்கே" என்று தீர்மானம் போடுங்கள். அதன் நகலைத் தொகுதி எம்.பி.யிடம் நேரில் கொடுத்து, சட்டத்தின் ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள்.

முதலில் நம் கடைக் கதவைத் திறப்போம். பிறகு டெல்லியின் கதவைத் தட்டுவோம்!