வீட்டுப் போனுக்கு வயது தெரியாது

ஆஸ்திரேலியாவைப் போல 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவருவது பற்றி மத்திய அரசு ஆராயலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 டிசம்பரில் சொன்னது. குழந்தைகளின் கண்ணில் ஆபாசக் காட்சிகள் எளிதில் படுவதைத் தடுக்க, பெற்றோர் கட்டுப்படுத்தும் வசதியை இணையச் சேவை நிறுவனங்கள் தர வேண்டும் என்று கேட்டு 2018-இல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் வந்த தீர்ப்பு அது. சட்டம் வரும்வரை குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையங்கள் விழிப்புணர்வுப் பணியை முடுக்கிவிட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. முதல் பகுதி தலைப்புச் செய்தியாயிற்று. இரண்டாவது பகுதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆனால், அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கும் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களை மனத்தில் வைத்து யோசித்தால், பிள்ளைகளுக்கு உண்மையில் உதவப்போவது அந்த இரண்டாவது பகுதிதான்.

காரணம் எளிது. 2025 டிசம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலியச் சட்டம், 16 வயது நிரம்பாதவர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்கிறது. தடுக்கத் தவறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். அங்கே சட்டம் பார்ப்பது கணக்கை. பிள்ளைக்கென்று ஒரு போன், அதில் பிள்ளை பெயரில் ஒரு கணக்கு என்ற ஏற்பாட்டில்தான் அது வேலை செய்யும். பாம்பனிலும் மண்டபத்திலும் தேவிபட்டினத்திலும் உள்ள பல வீடுகளில் நிலைமை வேறு. இருப்பது ஒரு போன். சிம் அப்பா பெயரில், யூடியூப் கணக்கும் அவர் பெயரில். ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைக் கையில் எடுக்கும்போது, நிறுவனத்தின் கணக்கில் அங்கே இருப்பவர் நாற்பது வயது ஆண். அவர் முந்தைய இரவு பார்த்ததன் தொடர்ச்சி பிள்ளையின் முன்னால் வந்து நிற்கிறது. பிள்ளை பார்த்ததும் அவருடைய பட்டியலில் சேர்கிறது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். விதிகளும் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. ஆனால், அப்பாவின் கணக்குக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அந்தச் சட்டத்தின் கண்ணும் பார்க்காது.

செயலியை மட்டும் தடை செய்வதால் என்ன ஆகும் என்பதையும் நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2019 ஏப்ரலில் இதே மதுரைக் கிளை டிக்டாக்குக்குத் தடை விதித்தது. அந்த மாதமே விலக்கிக்கொண்டது. 2020 ஜூனில் மத்திய அரசு வேறு காரணங்களுக்காக அதை முழுமையாகத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். பெயர் மாறியது, விரலால் தள்ளிக்கொண்டே போகும் பழக்கம் அப்படியே இருந்தது.

அப்படியானால் பிள்ளை கையில் போனே கொடுக்காமல் இருந்துவிடலாமே என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அக்கறையில் பிறந்த கேள்வி அது. ஆனால் இந்தக் கரையில் அதற்கு இடமில்லை. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன சபுராளிகளின் பிள்ளைகளுக்கு, வளைகுடாவில் இருக்கும் அத்தாவின் முகம் தெரிவதே போனில்தான். ராமேஸ்வரத்தில் விசைப்படகு டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. காற்று வலுக்கிறது என்ற எச்சரிக்கை, இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்ற செய்தி, எல்லாம் போன் வழியாகத்தான் வீட்டுக்கு வருகின்றன. பள்ளியும் கொரோனாவுக்குப் பிறகு வீட்டுப்பாடத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிப் பழகிவிட்டது. இனிமேல் போனைப் பெட்டியில் பூட்டிவைக்க முடியாது. ஊரக இந்தியா முழுவதும் நடந்த 2024-ஆம் ஆண்டின் ‘அசர்’ கல்வி ஆய்வு, 14 முதல் 16 வயதுள்ளவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும் என்கிறது. அவர்களில், ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் 57 சதவீதம் பேர் படிப்புக்காகவும் 76 சதவீதம் பேர் சமூக ஊடகத்துக்காகவும் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். இதைவிட என்னை யோசிக்க வைப்பது இன்னோர் எண்: தன் கணக்கை அந்நியர் பார்க்காதபடி மறைத்துவைக்கத் தெரிந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். ஓட்டத் தெரிகிறது, நிறுத்தத் தெரியவில்லை.

இதை யார் கற்றுத் தருவது? ‘பெற்றோர் கண்காணிக்க வேண்டும்’ என்று சொல்லும் அறிவுரைகள் எல்லாம், மாலையில் வீட்டில் இருக்கும், ஆங்கில மெனுவைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு பெற்றோரை நினைத்து எழுதப்பட்டவை. இங்கே அப்பா கடலில் அல்லது கடல் தாண்டி. அம்மா பாசி எடுக்கவோ கருவாடு காயவைக்கவோ போயிருக்கிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளையோடு வீட்டில் இருப்பது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். ஆகவே அவர்களால் செய்யக்கூடியது என்ன என்பதிலிருந்துதான் யோசனை தொடங்க வேண்டும். அவர்களால் செய்யக்கூடியது நாம் நினைப்பதைவிட அதிகம். ஏனென்றால், மருத்துவர்களின் பரிந்துரைகளே மணிக்கணக்கிலிருந்து விலகி வந்திருக்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘நாளுக்கு இரண்டு மணி நேரம்’ என்று வைத்திருந்த வரம்பை 2016-இல் கைவிட்டது. என்ன பார்க்கிறார்கள், யாரோடு பார்க்கிறார்கள், தூக்கமும் விளையாட்டும் கெடாமல் இருக்கின்றனவா என்பதைக் கவனிக்கச் சொன்னது. சின்னக் குழந்தைகளுக்குக் கண்டிப்பு தொடர்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது. உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு தருகிறது. வளைகுடா வீடுகளுக்கு இது ஆறுதலான விலக்கு. இரண்டிலிருந்து ஐந்து வரை, ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

கூட உட்கார்ந்து பார்ப்பதற்கு ஆங்கிலம் தேவையில்லை. ‘இது யாரு, ஏன் இப்படிப் பேசுறான், இது நெசமா?’ என்று ஓர் அப்பத்தா கேட்டாலே போதும், பிள்ளை யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். திரை எல்லோரும் நடமாடும் இடத்தில் இருக்கட்டும், காதில் இயர்போன் வேண்டாம் என்பதையும் அவரே சொல்ல முடியும். இரவில் போன் பெரியவர்களின் தலைமாட்டில் இருக்க வேண்டும்; கடலுக்குப் போனவரின் அழைப்பை எதிர்பார்க்கும் வீட்டில் அது இருக்க வேண்டிய இடமும் அதுதான். படுக்கும் நேரத்துத் திரை தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. செட்டிங்ஸில் செய்ய வேண்டியவை சில உண்டு: யூடியூபில் அடுத்தடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துவது, பிள்ளைக்குத் தனிக் கணக்கு போட்டுத் தருவது, விளையாட்டில் பணம் கட்டுவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி வைப்பது. ஜிபேயும் அதே போனில் இருப்பதால் கடைசியில் சொன்னது அவசரம். இவற்றை யாராவது ஒருமுறை தமிழில் செய்து காட்டினால் முடிந்துவிடும்.

செட்டிங்ஸால் எதுவும் செய்ய முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. முகம் தெரியாத ஒருவன் ஒரு பெண்பிள்ளையின் படத்தை மாற்றிவைத்து மிரட்டினால், அவள் முதலில் அஞ்சுவது அவனுக்கு அல்ல. விஷயம் தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று வீட்டுக்குத்தான் அஞ்சுகிறாள். அந்த அச்சத்தை நம்பித்தான் மிரட்டுபவன் பிழைக்கிறான். எது நடந்தாலும் சொல், உன்மேல் குற்றம் சொல்ல மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்த வீட்டில் அவனுக்குப் பிடி கிடைக்காது. அப்படிச் சொல்லிவைப்பதோடு, குழந்தைகளுக்கான 1098, இணையக் குற்றங்களுக்கான 1930 ஆகிய எண்களும் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும்.

உழைத்துக் களைத்துவரும் அம்மாவின் தலையில் இன்னொரு சுமையா, கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் நிறுவனங்களைக் கேட்காமல் மீனவப் பெண்ணைக் கேட்பதா என்ற மறுப்பு எழும். நியாயமான மறுப்பு. நிறுவனங்கள் மீதான சட்டம் இறுக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல பேர் பயன்படுத்தும் போன் இது என்று தெரிந்தே இந்தியச் சந்தையில் வியாபாரம் செய்கிறவர்கள், அதற்கேற்ற பாதுகாப்பை முதலிலேயே வைத்துத் தரக் கடமைப்பட்டவர்கள். ஆனால் அது நடக்கும்வரை பிள்ளைகளின் வயது நிற்காது. அம்மாவைத் தனியே விடாமல் இருப்பது அரசின் வேலை. அதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோரைக் கொண்ட மேலாண்மைக் குழு இருக்கிறது. பெண்கள் கூடும் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. கடலோசை இருக்கிறது: 2016 முதல் பாம்பனிலிருந்து 90.4-இல் மீனவர்களுக்காகவே ஒலிக்கும் சமுதாய வானொலி, காற்றையும் அலையையும் இந்த மக்களின் பேச்சிலேயே சொல்லும் வானொலி. செட்டிங்ஸ் பாடத்தையும் அதே பேச்சில் சொல்லலாம்.

எப்போது தொடங்குவது என்பதற்கும் இந்தக் கரையிடம் பதில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை வருவதும் இந்த நாட்களில்தான். போன் அவர்கள் கையில் அதிகம் இருப்பதும் அப்போதுதான். சிலர் கேரளப் பக்கம் வேலைக்குப் போனாலும், வேறெந்த மாதத்தையும்விட இந்த மாதங்களில் அப்பாக்கள் அதிகம் வீட்டில் இருக்கிறார்கள், போனின் சொந்தக்காரர்களும் அவர்களே. தடைக்கால நிவாரணம் மீனவர் குடும்பங்களைத் தேடிப் போகும் அதே வாரங்களில், மீன்வளத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து ஊருக்கு ஒரு மாலை உட்கார்ந்து, அவரவர் போனை அவரவர் கையில் வைத்தே இதைக் கற்றுக்கொடுக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு அப்பத்தாக்களையும் அழைக்க வேண்டும்.