உர மூட்டையும் ஒரு கடற்பறவையும்



சென்ற மாதம் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'அழிந்துவரும் உயிரினங்கள்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். பெரும்பாலோர் புலியைப் பற்றி எழுதியிருந்தனர். பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகள் 'இயற்கை அன்னையின் மடியில்' என்றே தொடங்கின, முடிவுரையும் ஒன்றே. பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. அத்தொடர்களை மனனம் செய்யச் சொன்னவள் நான்தான்.

ஆகவே, பயிற்சி நூல் எதிலும் இல்லாத ஓர் உயிரினத்தை மறுவாரம் வகுப்பிற்குக் கொண்டுசென்றேன். அது கிறிஸ்துமஸ் தீவுக் கப்பற்பறவை. ஜாவாவிற்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் 135 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிறிஸ்துமஸ் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் அது கூடு கட்டுவதில்லை. நம் பள்ளித் திடலில் நிற்கிறதே கெத்தாப்பாங் மரம், அவ்வினத்தைச் சேர்ந்த உயர்ந்த மரங்களிலும் அது கூடு கட்டும். ஒரே ஒரு முட்டை. அதை ஏறத்தாழ ஐம்பது நாள் தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். பறக்கத் தொடங்கிய பின்னரும் குஞ்சு பல மாதங்கள் பெற்றோரிடமே இரை பெறும். எனவே ஒரு பெண்பறவை ஈராண்டிற்கு ஒரு முறைதான் முட்டையிட இயலும். இன்று எஞ்சியிருப்பவை சில ஆயிரமே.

மாணவர்களை வியக்க வைத்தது வேறு செய்தி. கடலிலேயே இரை தேடும் இப்பறவையால் கடலில் இறங்க முடியாது! அதன் இறகுகள் நீரை விலக்குவதில்லை. நனைந்தால் மீண்டும் எழுவது அரிது. பறந்தபடியே பறக்கும் மீனையும் கணவாயையும் கவ்வும். சில வேளைகளில் பிற பறவைகளைத் துரத்தி அவற்றின் இரையைப் பறிக்கும். 2005ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண்பறவை, கூட்டிலிருந்து புறப்பட்டு ஜாவா, சுமத்ரா, போர்னியோ வழியாக 26 நாள்களில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் சுற்றித் திரும்பியது. நம் தீபகற்பத்தை ஒட்டிய கடலிலும் சிங்கப்பூர் நீரிணையிலும் இவ்வினப் பறவைகள் காணப்பட்டுள்ளன.

அப்போது ஒரு மாணவன் எழுந்தான். "டீச்சர், அந்தத் தீவு ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானதுதானே? நமக்கு என்ன?"

"எல்லா உயிர்களும் முக்கியம்" என்று சொல்லி அமர வைத்தேன். நான் திருத்திய கட்டுரைகளின் முடிவுரையைப் போன்றே அமைந்த பதில் அது. அன்று மாலைவரை அது மனத்தை உறுத்தியது.

வீட்டில் அப்பாவிடம் இதைக் கூறினேன். அவர் ரப்பர் தோட்டத்திலும் பின்னர்ச் செம்பனைத் தோட்டத்திலும் உரம் போட்டவர். தீவின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார். "கிறிஸ்துமஸ் தீவா? நாங்க போட்ட உரம் அங்க இருந்து வந்ததுதாம்மா. கிராணி சி.ஐ.ஆர்.பி.ன்னு எழுதுவாரு." சற்று நேரம் கழித்து, "அங்க பறவையெல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டார்.

இருந்தன. கிறிஸ்துமஸ் தீவுப் பாறைப் பாஸ்பேட் என்பதன் சுருக்கமே சி.ஐ.ஆர்.பி. அத்தீவில் 1890களில் பாஸ்பேட் அகழத் தொடங்கினார்கள். 1958இல் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்படும்வரை பல்லாண்டு காலம் அத்தீவு சிங்கப்பூரிலிருந்தே ஆளப்பட்டது. சுரங்கத்திற்காகத் தீவின் காட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அழிந்தது. உரத்தை உலர்த்தும் ஆலையின் தூசி படிந்ததால், பறவைகள் தாம் கூடு கட்டிவந்த ஓரிடத்தையே கைவிட்டன. அவ்வுரம் நம் நாட்டுப் பால்மரங்களின் அடியிலும் விழுந்தது. அதைக் கூடையில் சுமந்து வீசியவர்களுள் நம் பெற்றோரும் இருந்தனர். அவர்கள்மீது பழி சுமத்த நான் எழுதவில்லை. மூட்டை எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு எவர் விளக்கினார்? ஆனால் 'நமக்கு என்ன?' என்னும் வினாவிற்கு நான் தந்திருக்க வேண்டிய பதில் இதுதான்.

1980இல் அங்குத் தேசியப் பூங்கா அமைந்தது. இன்று தீவின் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு அதனுள் அடங்கும். வெளியிலிருந்து வந்து பெருகிய மஞ்சள் எறும்புகள் அங்குள்ள செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்று காட்டையே மாற்றிவந்தன. அவ்வெறும்புகளுக்கு இனிப்பு நீர் தரும் செதில்பூச்சியை அழிப்பதற்காக 2016இல் ஒரு சிறு குளவியை அங்கு விடுவித்தார்கள். இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள அக்குளவி மலேசியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது.

ஆயினும் கூட்டை மட்டும் காத்தால் போதாது. இப்பறவை இரை தேடும் கடலில் பல நாட்டாரின் தூண்டில்கள் இருக்கின்றன. ஜக்கார்த்தா விரிகுடாவில் தூண்டில் முள்ளிலும் நரம்பிலும் இவை சிக்குவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். சிறகில் நரம்பு சுற்றிய, கடலில் இறங்க முடியாத பறவையின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஞாயிறுதோறும் பிள்ளைகளைத் தூண்டில் போட அழைத்துச் செல்லும் தந்தையர் நம்மிடையே பலர். அறுந்த நரம்பைக் கடலில் விடாமல் சுருட்டி வீட்டிற்குக் கொண்டுவாருங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் இப்போது அதைக் கேட்பார்கள். எரிச்சல் கொள்ள வேண்டாம்.

ஆசிரிய நண்பர்களே, பாடத்திட்டத்தில் இதற்கு இடமேது என்று நீங்கள் கேட்கலாம். மனனத் தொடர்களுக்கு ஒதுக்கும் இரு பாடவேளைகளை நான் இதற்கு எடுத்துக்கொண்டேன். மதிப்பெண் குறையுமோ என்னும் அச்சம் எனக்கும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. இருப்பினும் இம்முறை வந்த கட்டுரைகளில் எழுத்துப் பிழைகள் மிகுந்திருந்தாலும், இரண்டுகூட ஒன்று போல் இல்லை.

வரும் புதன்கிழமை அப்பா என் வகுப்பிற்கு வருகிறார். தலைமையாசிரியர் இசைவு தந்துவிட்டார். மாணவர்கள் வினாக்களை எழுதி வைத்திருக்கிறார்கள். 'நமக்கு என்ன?' என்று கேட்ட மாணவனின் வினாதான் முதலாவது: "தாத்தா, ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை போட்டீர்கள்?"