கையில் அடங்கும் வழி

வங்கிக் கிளைக்குள் நுழையும் வாடிக்கையாளர் ஒரே நோக்கில் பலவற்றை அறிந்துகொள்கிறார். பணம் செலுத்துமிடம் எங்கே, மேலாளர் அறை எப்பக்கம், வரிசை எவ்வளவு நீளம் என்பன யாரும் சொல்லாமலே அவருக்கு விளங்குகின்றன. பார்வையற்ற வாடிக்கையாளருக்கோ இவை ஒவ்வொன்றும் பிறரைக் கேட்டு அறிய வேண்டிய செய்திகள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். அவர்கள் தனித்து நடமாடத் துணைபுரியும் எளிய கருவி ஒன்று இன்னும் பரவலாகவில்லை. கையில் எடுத்துச் செல்லத்தக்க தொடு வரைபடமே அது.

சுவர், கதவு, படிக்கட்டு, நடைவழி ஆகியவற்றைப் புடைத்த கோடுகளாலும் புள்ளிகளாலும் காட்டுவது தொடு வரைபடம். விரல் நுனியால் தடவி, இடத்தின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்ளலாம். வெப்பம் பட்டதும் கறுப்பு மையிட்ட பகுதி மட்டும் உப்பி எழும் தாளில் இதனை உருவாக்கலாம். மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சின்மீது படியவைத்துப் பல படிகள் எடுப்பதும் உண்டு.

இத்துறை நமக்குப் புதிதன்று. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் வரைபட நிறுவனமான நாட்மோ உருவாக்கிய பார்வையற்றோருக்கான இந்திய நிலப்படத் தொகுப்பு 2017இல் வெளியிடப்பட்டது. டெல்லி ஐஐடி ஆய்வாளர்கள் பாடநூற் படங்களைத் தொட்டறியும் வடிவில் ஆக்கியுள்ளனர். ஆயினும் இவை கல்விக்கு உதவுவன. நாட்டின் எல்லையையும் ஆறுகளையும் விரலால் அறிந்த மாணவருக்கு, தம் ஊர் ரயில் நிலையத்தில் நடைமேம்பாலம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் தாள் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

சில ரயில் நிலையங்களிலும் பொதுக் கட்டடங்களிலும் பிரெயில் வரைபடப் பலகைகள் நிறுவப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கதே. எனினும், அப்பலகையைச் சென்றடையவே முதலில் வழி தெரிந்திருக்க வேண்டும். கூட்ட நெரிசலில் நின்று நிதானமாகத் தடவிப் பார்ப்பதும் எளிதன்று. கையடக்கத் தாளாயின் வீட்டில் அமர்ந்து பலமுறை பழகலாம். ஐயம் எழுந்தால் வழியிலும் எடுத்துத் தடவிப் பார்க்கலாம்.

கைபேசியே வழி சொல்லும் காலத்தில் தாள் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். செயற்கைக்கோள் வழிகாட்டியைக் கட்டடத்திற்குள் நம்ப இயலாது. மேலும், இடப்புறம் திரும்புமாறு கூறும் குரல் அடுத்த அடியை மட்டுமே உணர்த்துகிறது. திசை தவறியவர் தாமே மீண்டுவர வேண்டுமாயின், இடத்தின் முழு அமைப்பும் அவர் மனத்தில் இருத்தல் வேண்டும். வெண்கோலும் நடமாட்டப் பயிற்சியும் என்றும் தேவை. வரைபடம் அவற்றுக்குத் துணை நிற்கும்.

கண்ணுக்கான வரைபடத்தை அப்படியே புடைப்பாக்குவதில் பயனில்லை. கண் பிரித்தறியும் நுணுக்கத்தை விரல் அறியாது. பிரெயில் எழுத்தையும் விரும்பியவாறு சிறிதாக்க முடியாது. ஆகவே தேவையான சில குறியீடுகளே போதும். பிரெயில் அறியாதோரும் குறைபார்வை உடையோரும் பலர் இருப்பதால், பெரிய எழுத்தும் அழுத்தமான வண்ண வேறுபாடும் அதே தாளில் இடம்பெற வேண்டும்.

பார்வையற்றோருக்குக் காசோலை, ஏ.டி.எம்., பாதுகாப்புப் பெட்டகம், கடன் உள்ளிட்ட சேவைகளைப் பாகுபாடின்றி வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2008இலேயே வங்கிகளை அறிவுறுத்தியது. பொது இடங்கள் எல்லோரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். சேவை கிடைத்தும், அதனைப் பெறும் இடத்திற்குச் செல்ல ஒவ்வொரு முறையும் ஒருவரை உடன் அழைத்துவர நேர்ந்தால், தம் சேமிப்பும் கடனும் அவருக்குத் தெரிந்துவிடும். பண விவகாரத்தில் மறைவு காப்பது ஒவ்வொருவரின் உரிமை.

எனவே வங்கிகளே இதில் முன்னோடியாகலாம். பெரிய கிளைகளுக்குத் தொடு வரைபடம் தயாரித்து, கணக்குத் தொடங்கும்போதே வாடிக்கையாளர் கையில் தரலாம். கேட்போருக்கு அஞ்சலிலும் அனுப்பலாம். அச்சிடுமுன் பார்வையற்றோரிடமே கொடுத்துச் சோதித்தல் இன்றியமையாதது. கவுண்டர்கள் இடம் மாறும்போது தாளையும் திருத்த வேண்டும். பழைய வரைபடம் வழிதவறச் செய்யும். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பார்வையற்றவரும் நம் வாயிலுக்குத் தனியே வரத்தக்கவர் என்னும் எண்ணமே முதலில் வேண்டும்.