முகப்போவியமும் பாயிரமும்

பாயிரத்தின் சிறப்பை உணர்த்தப் புகுந்த பவணந்தி முனிவர், மாளிகையில் தீட்டிய ஓவியத்தையும் பெருநகர்க்கு அமைந்த கோபுரத்தையும் அதற்கு உவமையாகக் காட்டினார். நூலினுள் புகுவதற்கு முன்னரே நூலின் இயல்பை உணர்த்துவது பாயிரம். இக்காலத்துக் கணினி விளையாட்டுக்கு அவ்வாறு முன்னிற்பது அதன் முகப்போவியமாகும். ஸ்டீம் முதலிய இணைய அங்காடிகளில் விளையாட்டை வாங்க விழைவார் முதற்கண் காண்பது அதனையே. அவ்வோவியத்தை ஆராய்வோர் பலரும் 'அழகாயிருக்கின்றதா?' என்னும் ஒரு வினாவோடு அமைந்துவிடுகின்றனர். அவ்வினா ஒன்று மட்டும் போதாது. பாயிரத்தை ஆராயும் முறை யாதோ, அதுவே முகப்போவியத்தை ஆராய்தற்கும் உரிய முறை என்பது எமது துணிபு.

'விளையாட்டுப் பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு?' எனச் சிலர் வினவக்கூடும். ஸ்டீம் அங்காடியில் ஆண்டொன்றுக்குப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுக்கள் வந்து குவிகின்றன. பெருநிறுவனங்கள் தம் பொருளைப் பறைசாற்றப் பெரும்பொருள் செலவிடுகின்றன. அத்தகைய முதலின்றி, நான்கைந்து பேர் கூடித் தம் உழைப்பால் ஆக்கும் 'இன்டி' விளையாட்டுக்கோ அம்முகப்போவியமே பறையும் தூதும் ஆகின்றது. பல்லாண்டு உழைப்பின் பயன் ஒரு சிறு படத்தைப் பற்றி நிற்கின்றது. ஆதலின், இவ்வாராய்ச்சியை வீண் என ஒதுக்குதல் தகாது.

தமிழராகிய நமக்கு இதன்கண் தனியானதோர் உரிமையும் உண்டு. கானடா நாட்டு டொரான்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். 1980களில் கானடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதை அது. தாயின் பெயர் வெண்பா. தந்தையின் பெயர் பாவலன். மகனின் பெயர் கவின். பாவும், பாவைப் பாடுவானும், அவ்விருவரிடைப் பிறந்த அழகும் எனப் பெயர்களே ஒரு செய்யுள்போல் அமைந்துள்ளமை தமிழ் பயில்வார்க்கு இன்பம் பயப்பதாம். வெண்பா தன் தாயிடமிருந்து பெற்ற சமையற் குறிப்பேட்டில் எழுத்துக்கள் சில அழிந்துபோயின. அழிந்த பகுதியை உய்த்துணர்ந்து இட்டலியும் புட்டும் பிறவும் ஆக்குதலே விளையாடுவோர் தொழில்.

சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டுவனவாக நன்னூலார் எண் பொருள்களை வகுத்தார். அவற்றுள் நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் நான்கும் முகப்போவியத்திற்கு இன்றியமையாதன. பெயர் தெளிவாகத் தெரிதல் வேண்டும். எதனைப் பற்றியது என்பது விளங்குதல் வேண்டும். யாருக்கு உரியது என்பது புலப்படுதல் வேண்டும். விளையாடுவார் எய்தும் உணர்வு யாது என்பதன் சாயலேனும் தோன்றுதல் வேண்டும்.

முதற்கண் பெயரை நோக்குவோம். ஸ்டீம் அங்காடியினர் ஒரே விளையாட்டுக்குப் பல அளவுகளில் படங்களைக் கேட்கின்றனர். வாங்கியோர்தம் நூலகப் பகுதியில் தோன்றும் படம் 600க்கு 900 புள்ளிகள் உடையது. பட்டியல்களில் தோன்றும் சிறு படமோ 462க்கு 174 புள்ளிகளே உடையது. திரையில் அது மேலும் சுருங்கி அஞ்சற்றலை அளவாகிவிடும். அச்சிறு படத்தைப் பெயரே பெரும்பாலும் நிரப்புதல் வேண்டும் என அவ்வங்காடியினரே அறிவுறுத்துகின்றனர். பேரோவியத்தை அப்படியே சுருக்கி அனுப்புவோர் இதனை மறந்தவராவர். சுருங்கிய படத்தில் பெயர் மங்கும், முகங்கள் எறும்பாகும்.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் திருவண்ணாமலையின் இராச கோபுரத்தைக் காண்க. பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் உடையது அது. ஊருக்குப் புறத்தே நின்று நோக்குவார்க்கு அதன் சிற்பங்களுள் ஒன்றேனும் தெரிவதில்லை. மேல்நோக்கிக் குறுகிச் செல்லும் வடிவம் ஒன்றே தெரியும். 'ஈண்டுக் கோயில் உளது' என்று அவ்வடிவமே சொல்லிவிடும். அணுகிய பின்னரே நிலைகள் தோன்றும். அடியில் நின்று அண்ணாந்து நோக்கும்போதே சிற்பங்கள் ஒவ்வொன்றாய்ப் பேசும். தொலைவிற்கு ஒரு சொல்லும் அணிமைக்கு ஆயிரஞ் சொல்லும் வைத்தனர் நம் சிற்பியர். முகப்போவியம் வரைவார்க்கு இதனினும் சிறந்த ஆசிரியர் உளரோ?

அடுத்து, நுதலிய பொருள். உள்ளிருப்பதற்கு மாறானதை முகப்பில் தீட்டுதல் குற்றங்களுள் பெருங்குற்றம். 1987ஆம் ஆண்டில் ஜப்பானிய காப்காம் நிறுவனத்தார் வெளியிட்ட 'மெகா மேன்' விளையாட்டின் அமெரிக்கப் பெட்டியை இதற்குச் சான்றாகக் காட்டலாம். விளையாட்டினுள் இருப்பவன் நீலநிற இயந்திரச் சிறுவன். அவன் கையே பீரங்கியாய் மாறும். பெட்டியின்மேல் இருந்தவனோ கைத்துப்பாக்கி ஏந்திய வளர்ந்த ஆடவன். அவ்வோவியம் இன்றளவும் நகைப்பிற்கு இடமாய் விளங்குகின்றது.

'வாணிகத்தில் வாய்மையைத் தேடலாமோ? கண்ணைக் கவர்ந்து பொருளை விற்றால் போதாதோ?' என்பாரும் உளர். அவர்க்கு வாணிக நெறியாலேயே விடை கூறுவோம். ஸ்டீம் அங்காடியில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக விளையாடியிருப்பின், விளையாட்டைத் திருப்பியளித்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். பொய் முகப்பைக் கண்டு வாங்கியவன் அரைமணிப் பொழுதில் உண்மையை உணர்ந்து திருப்பிவிடுவான். 'வெண்பா'வோ இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே முடித்துவிடக்கூடிய சிறு விளையாட்டு. முழுதும் ஆடி முடித்தவன்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்க இயலும். அத்தகைய விளையாட்டு வாழ்வது வாங்குவோரின் மனநிறைவு ஒன்றனாலேயே. முகப்பு அளித்த வாக்கை உள்ளீடு காத்தாலன்றி அம்மனநிறைவு உண்டாகாது.

தற்புகழ்ச்சியும் ஆராயத்தக்கது. நூலாசிரியன் தன் நூலின் பெருமையைத் தானே கூறுதல் தகுதியன்று; அவனுடைய ஆசிரியனோ, உடன் பயின்றோனோ, மாணாக்கனோ, உரைகாரனோ கூறுதலே முறை என்பது நம் மரபு. முன்னாளில் விளையாட்டு ஆக்கியோர் பலர் தாம் பெற்ற பரிசுகளையும் பத்திரிகைகளின் பாராட்டுக்களையும் முகப்போவியத்தின்மீதே பொறித்தனர். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தொட்டு ஸ்டீம் அங்காடியினர் அதனைத் தடுத்துவிட்டனர். ஓவியமும் பெயரும் துணைப்பெயருமே இருத்தல் வேண்டும் என்பது விதி. 2024ஆம் ஆண்டில் 'வெண்பா' பாஃப்டா அமைப்பின் அறிமுக விளையாட்டுப் பரிசையும், இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரும்பரிசையும் பெற்றது. அப்பரிசுகளைத் தன் முகப்பில் சூடிக்கொள்ள அதற்கும் உரிமையில்லை. நன்னூலார் விதித்ததை அமெரிக்க வணிகரும் தம்மை அறியாமலே மேற்கொண்டமை வியப்பன்றோ?

இனி, இந்நான்கையும் கொண்டு 'வெண்பா'வை நிறுத்துப் பார்ப்போம். அது வாளையும் வேலையும் காட்டி ஆளைக் கூவவில்லை. தாயையும் அவள் சமையலையுமே நம்பி நிற்கின்றது. பொருளை உள்ளவாறு உணர்த்துதலின் அது வாய்மையுடைத்து. வெண்பா என்னும் பெயரின் பொருள் அயலார்க்கு விளங்காதே எனின், விளங்காமையும் ஒருவகை அழைப்பே. தம் பெயரை மாற்றி அயலார் நாவுக்கு எளிதாக்கி விற்க அக்குழுவினர் முற்படாமை போற்றத்தக்கது. கேட்போர் எனக் கொள்ளத்தக்கார் தமிழர் மட்டுமல்லர். தாய்நாட்டை விட்டு அயல்நாட்டிற் பிள்ளைகளை வளர்த்தோர் யாவரும் ஆவர்.

குறை ஒன்றும் கூறுதல் வேண்டும். அவ்விளையாட்டின் வண்ணங்கள் ஒளியும் களிப்பும் நிரம்பியவை. கதையோ, மகன் தாய்மொழியினின்றும் தாயினின்றும் மெல்ல விலகுதலைக் கண்டு வருந்தும் ஒரு பெண்ணின் துயரம். இனிய பொழுதுபோக்கென எண்ணிப் புகுந்தவன் கண்கலங்கி வெளிவருவான். பயன் என்னும் நான்காம் உறுப்பு ஆண்டுச் சிறிது மறைந்தே நிற்கின்றது. ஆயினும் பாயிரம் அனைத்தையும் சொல்ல வேண்டுவதில்லை. மாறாகச் சொல்லாதிருத்தலே வேண்டுவது. விருந்திற்கு அழைப்பவள் தன் துயரை வாயிலிலேயே உரைப்பதில்லை. அது வஞ்சனை ஆகாது.

மாணவ நண்பர்களே! நம் ஊர்களிலும் ஓவியம் வல்லாரும் கணினி வல்லாரும் கதை வல்லாரும் உளர். அவர்கள் கூடி விளையாட்டொன்றை ஆக்கும் நாள் வருங்கால், அயல்நாட்டுப் படங்களைப் பார்த்து ஒரே வகையான வீரனையும் நெருப்பையும் முகப்பில் எழுத முற்படுதல் வேண்டா. தொலைவிலிருந்து காண்பார்க்கு ஒரு சொல் வையுங்கள், அச்சொல் உண்மையாயிருக்கட்டும். அணுகி வந்தவர்க்கு உள்ளே ஆயிரஞ் சிற்பங்கள் காத்திருக்கட்டும். அழகு அதன் பின்னே தானே வந்து சேரும்.